நிலவின் வாசலில் 1202

1969-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் நாள். நிலவின் தரைக்கு மேலே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் உயரத்தில் ‘ஈகிள்’ என்னும் சிறு கலம் இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே உட்கார இருக்கைகள் கிடையாது. நீல் ஆம்ஸ்ட்ராங்கும் எட்வின் ஆல்ட்ரினும் நின்றபடியே கலத்தைச் செலுத்தி வந்தார்கள். இயந்திரம் எரியத் தொடங்கி ஐந்து நிமிடங்கள் ஆகியிருந்தன. திடீரென்று எச்சரிக்கை விளக்கு எரிந்தது. கணிப்பொறியின் காட்சிப் பலகையில் 1202 என்ற எண் தோன்றியது.

அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று இருவரும் பூமியைக் கேட்டார்கள். இறங்குவதை உடனே கைவிட்டு மேலே திரும்பிவிட வேண்டுமா? அல்லது தொடர்ந்து இறங்கலாமா? தவறான விடை கிடைத்தால் இரண்டு உயிர்களுக்கு ஆபத்து. ஏறத்தாழ அரை நிமிடத்தில் பூமியிலிருந்து விடை வந்தது: தொடர்ந்து இறங்கலாம். அதன் பிறகும் நான்கு முறை எச்சரிக்கை எழுந்தது. ஆயினும் ஈகிள் பத்திரமாகத் தரை தொட்டது.

கணிப்பொறி தன்னால் முடியவில்லை என்று ஐந்து முறை முறையிட்டது. அப்படியிருந்தும் கலம் எப்படி ஒழுங்காக இறங்கியது? இதைத் தற்செயல் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கணிப்பொறியின் மென்பொருளை அமைத்தவர்கள், இப்படி ஒரு நெருக்கடி வந்தால் என்ன செய்வது என்று பல ஆண்டுகளுக்கு முன்பே யோசித்து வைத்திருந்தார்கள். மென்பொருள் அமைப்புகளை வடிவமைக்கும் கலையின் முக்கிய விதிகள் சிலவற்றை இந்த ஒரே நிகழ்ச்சியைக் கொண்டு நாம் அறிந்துகொள்ளலாம்.

ஒரு புத்தகமும் சில சிலேட்டுகளும்

முதலில் அந்தக் கணிப்பொறியைச் சற்றுப் பார்ப்போம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த கருவியியல் ஆய்வுக்கூடத்தில் அது வடிவமைக்கப்பட்டது. அதன் எடை சுமார் 32 கிலோகிராம். அதற்கு இரண்டு வகை நினைவகங்கள் இருந்தன.

முதல் வகை நிலையான நினைவகம். அதில் 36,864 சொற்கள் அடங்கும். இங்கே சொல் என்றால் பேச்சில் வரும் சொல் அன்று. 16 இரும எண்கள் கொண்ட ஒரு தொகுதி. இந்த நினைவகத்தைக் கையாலேயே பின்னினார்கள். சின்னஞ்சிறு காந்த வளையங்களின் ஊடாக மெல்லிய கம்பியைக் கோத்தால் 1. வளையத்துக்கு வெளியே கொண்டுபோனால் 0. தொழிற்சாலைப் பெண்கள் நூல் கோப்பதுபோலப் பொறுமையாகக் கோத்து முடித்த பின், அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. ஆகவே இதை அச்சிட்ட புத்தகம் என்று வைத்துக்கொள்வோம். கணிப்பொறி பின்பற்ற வேண்டிய கட்டளைகள் எல்லாம் இதில்தான் இருந்தன. இத்தகைய கட்டளைத் தொடரையே நிரல் என்கிறோம்.

இரண்டாவது வகை அழித்து எழுதக்கூடிய நினைவகம். அதில் 2,048 சொற்களுக்குத்தான் இடம் உண்டு. இன்றைய கணக்கில் வெறும் 4 கிலோபைட்! இதைச் சிலேட்டு என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட வேண்டும், விடையை எடுத்துக்கொள்ள வேண்டும், பிறகு அழித்துவிட்டு அடுத்த கணக்கைப் போட வேண்டும்.

வேகமும் குறைவுதான். நினைவகத்தை ஒரு முறை அணுக 11.7 மைக்ரோ வினாடி ஆகும். ஒரு மைக்ரோ வினாடி என்பது ஒரு வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இரண்டு எண்களைக் கூட்ட இரண்டு அணுகல்கள் தேவை. ஆக, ஒரு வினாடியில் சுமார் 40,000 கூட்டல்கள்தான் போட முடியும். இன்று உங்கள் வீட்டிலுள்ள கைப்பேசி ஒரு வினாடிக்குக் கோடிக்கணக்கான கணக்குகளைப் போடுகிறது.

இத்தனை எளிய கருவிக்கு எத்தனை வேலைகள்! கலம் எங்கே இருக்கிறது, எந்த வேகத்தில் போகிறது என்று இரண்டு வினாடிக்கு ஒரு முறை கணக்கிட வேண்டும். கலம் சாய்ந்துவிடாமல் வினாடிக்குப் பத்து முறை சரிபார்த்து, சிறு உந்துகருவிகளை இயக்க வேண்டும். முதன்மை இயந்திரத்தின் விசையைக் கூட்டிக் குறைக்க வேண்டும். ரேடார் தரும் உயரத்தைப் படிக்க வேண்டும். வீரர்கள் கேட்கும் எண்களைப் பலகையில் காட்ட வேண்டும். செயலகம் இருந்ததோ ஒன்றே ஒன்றுதான்.

முதல் விதி: வேலையைப் பிரி

ஒரே ஆள் பல வேலைகளைப் பார்க்க வேண்டுமானால் என்ன செய்வார்? பள்ளியில் பாடவேளை அட்டவணை போடுவதுபோல, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குறிப்பிட்ட நேரத்தை ஒதுக்கிவிடலாம். கணக்குக்கு இவ்வளவு, அறிவியலுக்கு இவ்வளவு என்பதுபோல! அக்காலத்தில் பல கணிப்பொறிகளின் நிரல்கள் இப்படித்தான் அமைக்கப்பட்டன. இது எளிய முறை. ஆனால் இதில் ஒரு குறை உண்டு. ஒரு வேலை தனக்குரிய நேரத்துக்குள் முடியாமல் நீண்டுவிட்டால், அடுத்தடுத்த வேலைகளும் நிலைகுலையும். எது முக்கியம், எது சாதாரணம் என்று அட்டவணைக்குத் தெரியாது.

ஹால்கோம் லேனிங் என்னும் அறிஞர் வேறு வழியில் சென்றார். ஒவ்வொரு வேலையையும் அவர் ஒரு தனிப் பணியாக்கினார். எல்லாப் பணிகளுக்கும் மேலே ஒரு மேற்பார்வை நிரலை அமைத்தார். ஒரு பணி தொடங்கும்போது, மேற்பார்வை நிரல் அதற்கு 12 சொற்கள் கொண்ட ஒரு சிறு சிலேட்டைக் கொடுக்கும். பெரிய கணக்காக இருந்தால் 44 சொற்கள் கொண்ட இன்னொரு பெரிய சிலேட்டையும் சேர்த்துக் கொடுக்கும். பணி முடிந்ததும் சிலேட்டைத் திருப்பித் தந்துவிட வேண்டும். வேறொரு பணி அதை எடுத்துக்கொள்ளும்.

இப்படிப் பிரிப்பதால் கிடைக்கும் பயன் என்ன? ஒரு பணியை எழுதுபவர் மற்றப் பணிகளின் உள்விவரங்கள் அனைத்தையும் அறிந்திருக்க வேண்டியதில்லை. ஒன்றில் மாற்றம் செய்தால் மற்றதைத் தொட வேண்டியதில்லை. ஒன்றை நிறுத்தினாலும் மற்றது ஓடும். இந்தக் கடைசிப் பயனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் திருப்பம் அதில்தான் இருக்கிறது.

இரண்டாம் விதி: வரிசைப்படுத்து

பிரித்தால் மட்டும் போதுமா? போதாது. திருமண வீட்டில் சமையல்காரரைப் பார்த்திருப்பீர்கள். பந்தி தொடங்கும் நேரத்தில் ஆட்கள் எதிர்பார்த்ததைவிட இருமடங்காக வந்துவிட்டால் அவர் என்ன செய்வார்? முதலில் சோற்றையும் சாம்பாரையும் கவனிப்பார். அப்பளம் சற்றுத் தாமதமானாலும் யாரும் பட்டினியாக எழுந்து போகமாட்டார்கள். எல்லாவற்றையும் ஒரே கண்ணோடு பார்த்து, ஒவ்வொன்றிலும் பாதி செய்து வைத்தால் யாருக்குமே சாப்பாடு கிடைக்காது.

மேற்பார்வை நிரலும் அப்படியே. ஒவ்வொரு பணிக்கும் ஒரு முன்னுரிமை எண் உண்டு. முன்னுரிமை மிகுந்த பணி வந்து நின்றால், அதில் குறைந்த பணி விலகி வழிவிட வேண்டும். முக்கியமான பணி முடிந்த பின் விட்ட இடத்திலிருந்து அது தொடரலாம்.

இந்த வரிசையை யார் தீர்மானிப்பது? நெருக்கடி வந்த பிறகு கணிப்பொறியால் உட்கார்ந்து யோசிக்க முடியாது. ஆபத்தில் இருக்கும் மனிதனுக்கும் அது கடினம். ஆகவே அமைதியான வேளையில், மேசைமுன் அமர்ந்து, எது இல்லாமல் கலம் விழுந்துவிடும், எது இல்லாமலும் சமாளிக்கலாம் என்று மனிதர்களே முன்கூட்டித் தீர்மானிக்க வேண்டும். வடிவமைப்பு என்பதன் சாரமே இந்தத் தீர்மானத்தில்தான் இருக்கிறது.

மூன்றாம் விதி: விழுந்தால் எழ வழிசெய்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் எதிர்பாராதது நடக்கத்தான் செய்யும். மின்சாரம் ஒரு கணம் தடுமாறலாம். வேலை அளவுக்கு மீறிக் குவியலாம். அப்போது கணிப்பொறி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மறுபடியும் தொடங்க வேண்டும். ஆனால் நிலவை நோக்கி இறங்கும் வேளையில், முதலிலிருந்து தொடங்கினால் கலம் எங்கே இருக்கிறது என்பதே அதற்குத் தெரியாமல் போகுமே!

இதற்கு ஓர் அழகான வழி கண்டார்கள். கடையில் கணக்கு எழுதுபவரை நினைத்துப் பாருங்கள். அனுபவமுள்ள கணக்கர் பேரேட்டிலேயே அடித்து அடித்து எழுதமாட்டார். தனித்தாளில் கணக்கைப் போட்டுச் சரிபார்த்த பிறகே பேரேட்டில் ஏற்றுவார். நடுவில் யாராவது கூப்பிட்டு வேலை கலைந்தாலும், பேரேட்டில் இருப்பது சரியான கணக்காகவே இருக்கும். தனித்தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி போட்டால் முடிந்தது.

ஈகிளின் மென்பொருளும் இதே முறையைப் பின்பற்றியது. கலத்தின் புதிய இடத்தையும் வேகத்தையும் அது தனி இடத்தில் கணக்கிடும். கணக்கு முழுவதும் முடிந்த பிறகே பழைய எண்களின் மேல் புதிய எண்களை எழுதும். முக்கியமான பணிகள் தாங்கள் எந்தப் படிவரை வந்திருக்கின்றன என்பதையும் அவ்வப்போது குறித்து வைக்கும். ஆகவே மறுதொடக்கம் நேர்ந்தால், முக்கியமான பணிகள் தாம் குறித்து வைத்த படியிலிருந்து தொடரும். அப்படிக் குறித்து வைக்காத சில்லறைப் பணிகள் அழிந்துவிடும். கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

விண்கலத்தின் மென்பொருள் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் மார்கரெட் ஹாமில்டன் என்ற பெண்மணி. நிரல் எழுதுவதும் பாலம் கட்டுவதைப்போல ஒரு பொறியியல்தான், அதற்கும் அதே கண்டிப்பு வேண்டும் என்று அந்நாளிலேயே வற்புறுத்தியவர் அவர். 1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் கூடிய மாநாடு ஒன்று ‘மென்பொருள் பொறியியல்’ என்ற பெயரையே தனக்குத் தலைப்பாக வைத்துக்கொண்டது. அதன் பிறகே அச்சொல் உலகெங்கும் பரவியது. அம்மாநாடு நடந்து ஓராண்டு நிறைவதற்குள் ஈகிள் நிலவை நோக்கி இறங்கியது.

தட்டிக்கொண்டே இருந்த கதவு

இனி 1202-க்கு வருவோம். அன்று என்னதான் நடந்தது?

ஈகிளில் இரண்டு ரேடார்கள் இருந்தன. ஒன்று நிலவின் தரையைப் பார்ப்பது. மற்றொன்று, மேலே சுற்றிக்கொண்டிருந்த தாய்க்கலத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது. இறங்கும்போது இரண்டாவது ரேடாருக்கு வேலை இல்லை. ஆயினும் திடீரென்று திரும்பிப் போக நேர்ந்தால் தயாராக இருக்கட்டும் என்று அதையும் இயக்கத்தில் வைத்திருந்தார்கள்.

இந்த ரேடாரின் கோணத்தை அளக்கும் மின்சுற்றுகளுக்கு, வினாடிக்கு 800 முறை அலையும் மின்னோட்டம் தேவை. கணிப்பொறியின் பக்கத்துக்கும் அதே 800. ஆனால் இரண்டும் வெவ்வேறு மூலங்களிலிருந்து வந்தன. இரண்டு ஊஞ்சல்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இரண்டும் ஒரே வேகத்தில்தான் ஆடுகின்றன. ஆனால் ஒன்று முன்னே போகும்போது மற்றொன்று நடுவில் இருக்கலாம் அல்லவா? ஈகிளில் அலைகளின் வேகம் ஒன்றாக இருக்க ஏற்பாடு இருந்தது. இரண்டும் சேர்ந்தே ஆட ஏற்பாடு இல்லை. ரேடாரின் விசை அன்று இருந்த நிலையில் இந்த வேறுபாடு கணிப்பொறியைக் குழப்பியது. அசையாமல் இருந்த ரேடார் ஓயாமல் அசைவதுபோல அதற்குத் தோன்றியது.

அதன் விளைவாக இரண்டு வழிகளில் மின் துடிப்புகள் வரத் தொடங்கின. ஒவ்வொரு வழியிலும் வினாடிக்கு 6,400 துடிப்புகள் வரை வரக்கூடும். ஒவ்வொரு துடிப்பையும் எண்ணிக் குறித்துக்கொள்ளக் கணிப்பொறிக்கு ஒரு நினைவக அணுகல் செலவாகும். நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு வழிகளுக்கும் சேர்த்து 12,800 துடிப்புகள். ஒவ்வொன்றுக்கும் 11.7 மைக்ரோ வினாடி. பெருக்கினால் 1,49,760 மைக்ரோ வினாடி. அதாவது ஒவ்வொரு வினாடியிலும் ஏறத்தாழ 0.15 வினாடி வீண்! படிக்கிற மாணவனின் அறைக்கதவை யாரோ ஓயாமல் தட்டிக்கொண்டே இருப்பது போன்ற நிலைமை.

இறங்கும்போது கணிப்பொறிக்கு மிச்சமிருந்த ஓய்வு நேரம் மிகக் கொஞ்சம். அதையும் இந்தத் துடிப்புகள் தின்றுவிட்டன. இடத்தையும் வேகத்தையும் கணக்கிடும் பணி இரண்டு வினாடிக்குள் முடியவில்லை. அது முடியுமுன்னே அடுத்த முறைக்கான பணி புதிய சிலேட்டைக் கேட்டு வந்து நின்றது. பழைய பணி தன் சிலேட்டைத் திருப்பித் தரவில்லை. இப்படியே போய், ஒரு கட்டத்தில் கொடுப்பதற்குச் சிறு சிலேட்டே இல்லாமல் போயிற்று. இதுதான் 1202! பெரிய சிலேட்டு தீர்ந்துபோனால் 1201. அந்த எச்சரிக்கையும் அன்று ஒரு முறை வந்தது.

எண் தோன்றிய அதே கணத்தில் கணிப்பொறி மறுதொடக்கம் செய்துகொண்டது. தேங்கி நின்ற அரைகுறைப் பணிகளும் ஆல்ட்ரின் கேட்டிருந்த எண்களைக் காட்டும் பணியும் அழிந்தன. கலத்தை நிமிர்த்தி வைக்கும் பணி, இயந்திரத்தை நடத்தும் பணி, இடத்தையும் வேகத்தையும் அறியும் பணி ஆகியவை பேரேட்டிலிருந்த எண்களை எடுத்துக்கொண்டு தொடர்ந்தன. காட்சிப் பலகை சற்று வெறுமையானது. இயந்திரமோ ஒரு கணமும் தடுமாறவில்லை.

இங்கே இன்னொரு விதியையும் கவனியுங்கள். ரேடார் கருவி தனியே பார்த்தால் சரிதான். கணிப்பொறியும் தனியே சரிதான். இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் பிழை ஒளிந்திருந்தது. பெரிய அமைப்புகளில் பிழைகள் பெரும்பாலும் இத்தகைய எல்லைகளில் குடியிருக்கின்றன. ஆகவே ஒவ்வொரு பகுதியும் அடுத்த பகுதியிடம் என்ன எதிர்பார்க்கிறது என்பதை ஒன்றுவிடாமல் எழுதி வைத்து, இரண்டையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும்.

மனிதரும் அமைப்பின் ஒரு பகுதியே

கணிப்பொறி தன் கடமையைச் செய்துவிட்டது. ஆனால் பூமியில் இருந்தவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டுமே!

அதே ஜூலை மாதத் தொடக்கத்தில் ஹூஸ்டன் கட்டுப்பாட்டு நிலையத்தில் ஒரு ஒத்திகை நடந்தது. பயிற்சியாளர்கள் வேண்டுமென்றே இத்தகைய ஓர் எச்சரிக்கையைப் புகுத்தினார்கள். கலத்தின் வழிகாட்டலுக்குப் பொறுப்பாளரான ஸ்டீவ் பேல்ஸ் அது என்னவென்று தெரியாமல், இறங்குவதைக் கைவிடச் சொன்னார். பிறகு ஆராய்ந்தபோது, கைவிட்டிருக்கத் தேவையில்லை என்று தெரிந்தது. உடனே எல்லா எச்சரிக்கை எண்களையும் ஆராய்ந்து, ஒவ்வொன்றுக்கும் என்ன செய்வது என்று குறித்து வைக்குமாறு இயக்குநர் ஜீன் கிரான்ஸ் கட்டளையிட்டார். ஜாக் கார்மன் என்ற 24 வயது இளைஞர் அந்தப் பட்டியலைத் தம் கையால் எழுதி மேசையில் வைத்துக்கொண்டார்.

1202 வந்தபோது கார்மன் தம் பட்டியலைப் பார்த்தார். எச்சரிக்கை விடாமல் தொடர்ந்து வந்தால்தான் ஆபத்து; விட்டுவிட்டு வந்து, கலத்தின் போக்கும் சரியாக இருந்தால் தொடரலாம். இதை அவர் பேல்ஸிடம் சொன்னார். 26 வயது பேல்ஸ் தொடரலாம் என்று தீர்ப்புச் சொன்னார். செய்தி 3,80,000 கிலோமீட்டருக்கும் அப்பால் பறந்தது. அந்த அரை நிமிடத் தீர்ப்புக்குப் பின்னால் ஒத்திகையும் ஒரு தாளும் இருந்தன. பழுது நேர்ந்தால் அமைப்பு அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கேட்பவருக்கு அதன் பொருள் தெரிந்திருக்க வேண்டும். இது நான்காம் விதி.

எதிர்த்திசையில் ஒரு பாடம்

இந்த விதிகளை மறந்தால் என்ன ஆகும்? அதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 27 ஆண்டுகள் கழித்து, 1996 ஜூன் 4-ஆம் நாள், தென் அமெரிக்காவிலுள்ள பிரெஞ்சு கயானாவின் கூரு தளத்திலிருந்து ஐரோப்பாவின் ‘ஏரியான் 5’ ராக்கெட் முதன்முறையாகப் புறப்பட்டது. அதில் நான்கு ஆராய்ச்சிச் செயற்கைக்கோள்கள் இருந்தன. புறப்பட்டு 40 வினாடிகள் ஆவதற்குள் அது சிதறியது.

ராக்கெட்டின் திசையையும் அசைவையும் அளந்து சொல்ல அதில் ஒரு கருவி இருந்தது. அது பழுதானால் உதவிக்கு இன்னொன்றும் இருந்தது. இவற்றின் மென்பொருள் முந்திய ‘ஏரியான் 4’ ராக்கெட்டிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது. அதில் ஒரு கணக்கு, 64 இரும இடங்களில் இருந்த ஓர் எண்ணை 16 இரும இடங்களுக்குள் அடக்க முயன்றது. அந்த 16 இடங்களில் 32,767-க்கு மேற்பட்ட எண் கொள்ளாது. ஏரியான் 4-இன் பாதையில் அந்த எண் அவ்வளவு பெரிதாக வளர வாய்ப்பில்லை. ஏரியான் 5-இன் பாதை வேறு. பக்கவாட்டு வேகம் அதில் மிகுதி. எண் கொள்ளவில்லை, படி நிரம்பி வழிந்துவிட்டது.

வியப்பு என்னவென்றால், அந்தக் கணக்கு ராக்கெட் தரையில் நிற்கும்போது மட்டுமே தேவைப்படுவது. பறக்கத் தொடங்கிய பின் ஏரியான் 5-க்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஈகிளின் விதிப்படி பார்த்தால் முதலில் கைவிட வேண்டிய பணி அதுதான். ஆனால் இங்கே வகுத்திருந்த விதி வேறு: எதிர்பாராத பிழை வந்தால் செயலகத்தையே நிறுத்திவிடு! ஒரு கருவியின் உறுப்பு கெட்டுப்போனால் மற்றது பார்த்துக்கொள்ளும் என்று எண்ணி அந்த விதியை வகுத்திருந்தார்கள். உறுப்பு கெட்டிருந்தால் அது சரியான விதியே. ஆனால் இங்கே கெட்டிருந்தது உறுப்பு அன்று, கணக்கு. இரண்டு கருவிகளிலும் ஒரே மென்பொருள். ஆகவே இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே காரணத்துக்காக, ஒரு வினாடிக்குள் நின்றுபோயின. ஒரே கேள்விக்கு ஒரே தவறான விடையை இருவர் எழுதினால் அது சரியாகிவிடுமா?

நின்றுபோன கருவி, என்ன பழுது என்பதைக் குறிக்கும் எண்களை அனுப்பியது. ராக்கெட்டின் முதன்மைக் கணிப்பொறி அவற்றை உண்மையான அளவீடுகள் என்று நம்பியது. இல்லாத சாய்வைச் சரிசெய்வதற்காக இயந்திரங்களின் வாயை முழுவதும் திருப்பியது. ராக்கெட் காற்றில் குறுக்காகத் திரும்பி உடைந்தது. தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் ஏற்பாடும் இயங்கியது. நல்ல வேளையாக அதில் மனிதர் எவரும் இல்லை.

ஈகிளில் பணிகள் தனித்தனியே பிரிந்திருந்தன; வேண்டாதது விழுந்தபோது வேண்டியது பிழைத்தது. ஏரியானில் வேண்டாத ஒரு கணக்கு, வேண்டிய அனைத்தையும் தன்னோடு இழுத்துக்கொண்டு விழுந்தது. இதுவே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

ஈகிளில் எல்லாமே சரியாக இருந்தது என்றும் கருதிவிடக்கூடாது. மறுதொடக்கம் நோயைத் தீர்க்கவில்லை. நோயாளியைத் தாங்கிப் பிடித்தது, அவ்வளவுதான். ரேடாரின் துடிப்புகள் இறங்கி முடியும்வரை வந்துகொண்டேதான் இருந்தன. பின்னர் காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அடுத்த பயணங்களுக்கு அதைச் சரிசெய்தார்கள். தாங்கிப் பிடிக்க ஓர் ஏற்பாடு இருந்ததால்தான், காரணத்தைத் தேட அவகாசம் கிடைத்தது.

நீங்களும் வடிவமைக்கலாம்

இன்று ரயில் முன்பதிவு, வங்கிக் கணக்கு, மருத்துவமனைக் கருவிகள், கைப்பேசி எல்லாமே மென்பொருளால்தான் இயங்குகின்றன. வங்கியில் ஒரு கணக்கிலிருந்து எடுத்து மற்றொரு கணக்கில் போடும் பணம் நடுவழியில் மறைந்துவிடாமல் இருப்பது, ஈகிளின் பேரேட்டு விதியைப் போன்ற ஒரு விதியால்தான். கருவிகள் எத்தனையோ மடங்கு வேகம் பெற்றுவிட்டன. ஆயினும் வேலை அளவுக்கு மீறினால் எதை விடுவது என்ற கேள்விக்கு அவை தாமாக விடை காண்பதில்லை. அதை இன்னமும் மனிதரே யோசித்து எழுதி வைக்க வேண்டும்.

இதைப் பழக உங்களுக்குக் கணிப்பொறிகூட வேண்டியதில்லை. உங்கள் பள்ளி ஆண்டுவிழாவுக்குத் திட்டம் போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளை எடுத்து நான்கு பத்திகளாகக் கோடு போடுங்கள். முதல் பத்தியில் விழாவின் வேலைகளைத் தனித்தனியே எழுதுங்கள். இரண்டாவதில் ஒவ்வொன்றுக்கும் முன்னுரிமை எண் கொடுங்கள். மூன்றாவதில், அந்த வேலை யாரிடமிருந்து எதை எதிர்பார்க்கிறது என்று எழுதுங்கள். நான்காவதில், நடுவில் மின்சாரம் நின்றால் அல்லது மழை வந்தால் அந்த வேலை என்ன ஆக வேண்டும் என்று எழுதுங்கள்: நிற்க வேண்டுமா, தொடர வேண்டுமா, எங்கிருந்து தொடர வேண்டும்?

முதல் மூன்று பத்திகளும் விரைவில் நிரம்பிவிடும். நான்காவது பத்தியை நிரப்பத்தான் நேரம் பிடிக்கும். அதை நிரப்பிய பின் உங்கள் நண்பர் ஒருவரிடம் தாளைக் கொடுத்து, நீங்கள் எதிர்பாராத ஓர் இடைஞ்சலைச் சொல்லச் சொல்லுங்கள். உங்கள் தாளில் அதற்கு விடை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இப்போதே எழுதிச் சேர்த்துவிடுங்கள். விழாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது.